மணக்காத காற்றை அளந்தவள்

ஊசிக்குழாய்களில் கிருமி நீக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் பேட்ஜக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் ஒவ்வொருவர் காலரிலும் கட்டைவிரல் நகம் அளவு பேட்ஜ் ஒன்றைக் குத்திவிடுவாள். எட்டு மணி நேரம் கழித்துக் கழற்றி, அது காற்றிலிருந்து உறிஞ்சிய வாயுவை அளக்க உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவாள். எந்திரத்துக்குள் செலுத்தும் எத்திலீன் ஆக்சைடு வாயு கிருமியைக் கொல்லும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் மனித ரத்தத்தையும் கெடுக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று பாதுகாப்பு அதிகாரி, "காத்துல இந்த வாயுவோட எட்டு மணி நேர சராசரி பத்து லட்சத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதும்மா" என்றார். அவள் திருதிருவென விழித்தாள்.

"இந்த ஹால் முழுக்க இருக்கிற காத்துல ஒரு தண்ணி பாட்டில் அளவு. அவ்வளவுதான்."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை பெரிய கூடத்தில் கலந்துபோன ஒரு பாட்டிலை இந்த நகத்துண்டு கண்டுபிடித்துவிடுமா? அன்றுமுதல் பேட்ஜைத் தொடும்போது அவள் விரல்கள் தாமாகவே மெதுவாகும்.

ஆறாம் வருஷம் விசித்திரமான முடிவு ஒன்று வந்தது. எந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அரைப் பங்குகூட இல்லை. தள்ளி மூலையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் அம்மாவுக்கு இரண்டு.

"ஆய்வகத்துல மாத்தி எழுதியிருப்பாங்க," என்றார் மேலாளர். மறுவாரமும் இரண்டுதான் வந்தது.

அடுத்த நாள் பேட்ஜக்கா, லேபிள்காரம்மாவுக்கென்று மூன்று பேட்ஜ் எடுத்துவைத்தாள்: காலைக்கு ஒன்று, சாப்பாட்டு இடைவேளைக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று.

"என்னடி, மெடலா குத்தித் தள்ளுற?"

"ஓடுறவங்க வாங்குறதை நீங்க உக்காந்த இடத்துலயே வாங்குறீங்களேம்மா!"

முடிவு வந்தபோது காலை, பிற்பகல் பேட்ஜ்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தில்.

"சாப்பிட்டு எங்க போவீங்க?"

லேபிள்காரம்மா கூச்சத்தோடு கிடங்குக்கு அழைத்துப்போனாள். எந்திரத்திலிருந்து வந்த அட்டைப்பெட்டிகள் சூடு ஆறாமல் அடுக்கப்பட்டிருந்தன. "கொஞ்ச நாளாத்தான் வர்றேன். முதுகுக்கு இதமா இருக்கும்டி. சாஞ்சா அப்படியே கண் அசந்துடும்."

பேட்ஜக்கா மூச்சை இழுத்துப் பார்த்தாள். அட்டை வாசனை மட்டும். பெட்டிகளில் தங்கிய வாயு இங்கேதான் கசிகிறது. இந்த வாயு மூக்குக்குத் தெரியும்போது வரம்பை நூறு மடங்குக்குமேல் தாண்டியிருக்கும். "வெளிய வாங்கம்மா," என்று கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

விஷயம் கேட்ட லேபிள்காரம்மா, கழற்றிய பேட்ஜ் ஒன்றை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "நான் தூங்குனப்பவும் இது முழிச்சிருந்திருக்கேடி!"

மேலாளர் மூன்று எண்களையும் பார்த்தார். அன்றே கிடங்கைப் பூட்டச் சொன்னார். ஒரு மாதத்தில், காற்றை வெளியே இழுக்கும் விசிறிகளோடு பெட்டிகளுக்குத் தனி அறை வந்தது. லேபிள்காரம்மாவுக்குச் சாய்வு நாற்காலி கிடைத்தது. ரத்தத்தைச் சோதித்த மருத்துவர் இப்போதைக்குக் கோளாறு இல்லை என்றார். வருஷாவருஷம் வரச் சொன்னார்.

அடுத்த முடிவில் அவள் எண் கால் பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. லேபிள்காரம்மா தாளைக் கண்ணுக்கருகே பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டட்டுமாடி?" என்று கேட்டாள்.