கை நிக்கேல்லை

பஸ்ஸிலை கம்பியும் பிடிக்காமல், ஒற்றைக் காலிலை நிண்டு போற ஆளை ஆரும் கண்டிருக்கிறியளே? நான் கண்டிருக்கிறன். எங்கடை கராத்தே வகுப்பு அண்ணை. லைட் போஸ்ட் மாதிரி நெடுவல், காது ரெண்டும் வெளியாலை தள்ளினபடி. கொண்டக்டர் ஒவ்வொருநாளும் பேசுவான்: "ஐசே, மற்றக் காலுக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் எடுத்தனீர், வையும் கீழை."

அண்ணைக்குக் கராத்தே மட்டும் காணாது. விடியத் தொண்டைமானாத்திலை நீச்சல், பின்னேரம் பொக்ஸிங்.

"உது என்னத்துக்கு அண்ணை?" எண்டு கேட்டன்.

"கராத்தே மட்டும் பழகினா கராத்தேக்காரனுக்கு மட்டும்தான்டா அடிக்கலாம்." சரியான எழுப்பம், தன்னை விட்டா ஆளில்லை எண்ட மாதிரி.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி வந்துது. வயசுப்படி அவருக்கு அதுதான் கடைசி. எங்கடை விளையாட்டிலை முகத்துக்குக் குத்தலாம், ஆனா முகத்திலை படுறதுக்கு முதல் கையை நிப்பாட்டோணும். அண்ணை வெண்டுகொண்டுதான் இருந்தார். கடைசிக் குத்து பொக்ஸிங் குத்தாப் போச்சு. மற்றவன்ரை மூக்காலை ரத்தம். நடுவர் அண்ணையைப் போட்டியிலை இருந்தே விலக்கிப்போட்டார்.

"என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"நான் செய்யேல்லையடா. கை நிக்கேல்லை."

அதுக்குப் பிறகு சுவருக்கு முன்னாலை நிண்டு, படாமல் குத்திக் குத்திப் பழகினார். கை நிக்கப் பழகிட்டுது. பொக்ஸிங்கிலையும் எதிராளின்ரை முகத்துக்கு ஒரு விரல் முன்னாலை நிண்டிட்டுது. அங்கையும் தோல்வி. இப்ப ரெண்டு வகுப்புக்கும் வாறேல்லை.

இதை வட்டுக்கோட்டை பஸ்ஸிலை இருந்துதான் டைப் பண்ணுறன். அண்ணை முன்னுக்கு நிக்கிறார். ரெண்டு காலையும் ஊண்டி, ரெண்டு கையாலையும் கம்பியைப் பிடிச்சிருக்கிறார்.