ஐந்தருவியில் ஓடிய அம்மாவின் பாட்டு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிவதற்குள் பாட்டு வந்துவிடும். அறுபதுகளில் வந்தது, எழுபதுகளில் வந்தது, தேனாய் இனிப்பது என்று பெரியப்பா மகன் ஒன்று அனுப்புவான். பதிலுக்கு அத்தை ஒன்று, சித்தப்பா ஒன்று. நானும் ஒரு பூவைத் தட்டிவிட்டு இட்லி ஊற்றப் போய்விடுவேன். உட்கார்ந்து பாட்டுக் கேட்க இங்கே யாருக்கு நேரம்? அம்மா இருந்தவரை அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். ஒரு பாட்டுகூட அனுப்பியதில்லை.

இந்தப் பழக்கம் போனோடு வந்ததல்ல. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், சாரல் தொடங்கியதும் சுரண்டையிலிருந்து குற்றாலத்துக்கு வேன் பிடித்தார்கள். வேனில் டேப் உண்டு என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு பாட்டுக் கேட்டு, தென்காசியில் ஒரு கடையில் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் பதிந்து வருவதாக ஏற்பாடு. அம்மா அப்போது புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன தம்பி, எதப் போட்டாலும் சரிதான்" என்றாள். அவர் வாசலைத் தாண்டியபின் கூப்பிட்டு, ஒரு பாட்டின் முதல் அடியைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா தனக்கென்று ஒன்று கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பாட்டு எப்போது வரும் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். மூத்தவர் என்பதால் பெரியப்பாவின் பாட்டு முதலில். அதைத் திரும்பச் சுற்றச் சொல்லி மறுபடியும் கேட்டார். அத்தை தன் பாட்டோடு கூடவே பாடியதில் பாடகியின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அப்பாவின் பாட்டு தத்துவம். அது ஓடும்போது மூச்சு விடக் கூடாது. தென்காசி போயிற்று, இலஞ்சியும் போயிற்று. மருமகள்மார் பாட்டு கடைசியில் என்பது யாரும் சொல்லாமலே நடந்திருந்தது. அதிலும் அம்மா கடைசி. ஐந்தருவியில் வேன் ஒதுங்கும்போதுதான் அவள் பாட்டு தொடங்கியது. புல்லாங்குழல் முடிந்து ஒரு பெண்குரல் மெல்ல எடுத்ததும், டிரைவர் சாவியை உருவிவிட்டார். எல்லோரும் எண்ணெய்த் தலையோடு திமுதிமுவென்று இறங்கினார்கள்.

அம்மா இறங்கவில்லை. "மூக்கடைப்பா இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. சாமானுக்கு ஒரு ஆள் வேணும்லா?" என்றாள். "என்ன மதினி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு!" என்று அத்தை ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தாள். நான் கடைசியாக இறங்கும்போது, அம்மா டிரைவரிடம் தணிந்த குரலில், "தம்பி, அந்தப் பாட்டு மட்டும் ஓடட்டுமே" என்று கேட்டாள்.

பாதி வழியில், சீயக்காயை மறந்தது தெரிந்து என்னைத்தான் விரட்டினார்கள். திரும்பி வந்து பார்த்தேன். டிரைவர் டீக்கடையில் நின்றார். அம்மா முன் இருக்கையில் காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பகலில் காலை நீட்டி உட்கார்ந்த அம்மாவை எனக்குப் பழக்கமே இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது; அதை அவள் துடைக்கவும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பேரும் குளிக்க, என் அம்மாவை மட்டும் விட்டுவிட்டார்களே! சீயக்காயை எடுக்காமலே, கூப்பிடு தூரத்தில் இருந்த அருவிக்கு ஓடினேன். "அம்மா அழுதுகிட்டு இருக்கா! தனியா உக்காந்து அழுதுகிட்டு இருக்கா!" என்று அருவிக்கரையில் நின்று அலறினேன்.

அத்தையும் பெரியம்மாவும் சொட்டச் சொட்ட வந்து வேன் கதவைத் திறந்தார்கள். "ஏன் மதினி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றாள் அத்தை. அம்மா பதறிக் காலை மடக்கினாள். "அழவெல்லாம் இல்ல, தூசி விழுந்துட்டு. இந்தா, இது முடியட்டும், வாரேன்" என்றாள். "பாட்டு எங்கட்டி ஓடிப் போவுது? போறப்பக் கேட்டுக்கிடலாம்" என்று பெரியம்மா டேப்பை நிறுத்தினாள். ஆளுக்கொரு கையைப் பிடித்து அம்மாவை இழுத்துப் போனார்கள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். அருவிக்கடியில் நின்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பொம்பளப் பிள்ளன்னா இப்படில்லா இருக்கணும்" என்று அத்தை மெச்சினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும்போது பெரியப்பாவின் பாட்டிலிருந்துதான் மறுபடி ஆரம்பித்தார்கள். காலடியில் ஈரத்துணி மூட்டை, மடியில் சித்தப்பா மகன். அம்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். அவள் பாட்டு வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

இப்போது அந்தப் பாட்டு என் போனில் இருக்கிறது. ஆபீஸ் விட்டு வந்து, வீட்டுக்குக் கீழே காரை நிறுத்தியதும் போட்டுக்கொள்வேன். மேலே சமையல், துவைக்கிற துணி, மாமியாருக்கு மருந்து எல்லாம் அப்படியே காத்திருக்கும். இருக்கட்டும். சாவியை உருவாமல் காலை நீட்டிக்கொள்வேன். அசதி, அப்பப்பா, அப்படியொரு அசதி! அந்த ஒரு பாட்டு நேரம்தான் நாளில் எனக்கென்று இருப்பது.

நேற்று சரணம் வருவதற்குள் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பள்ளிச் சீருடையில் என் மகள், முகமெல்லாம் கலக்கம். "என்னம்மா, தனியா உக்காந்து அழுதுகிட்டு இருக்க? வா, மேல போவம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பாட்டை நிறுத்திவிட்டு இறங்கினேன். அவள் மனம் நோகக் கூடாதே என்று சிரித்தேன். அன்று அருவிக்கடியில் அம்மா சிரித்ததும் இந்தச் சிரிப்புதான். அவளுக்குக் குளித்த சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.