டர்போ வண்டியும் நான் கடைஞ்ச புல்லியும்

லேத்துப் பட்டறை வெச்சிருக்கிறவனுக்கு இரும்பு குடுக்கிற தொல்லை கொஞ்சம்தான். இரும்பைத் தூக்கிட்டு வர்றவங்க கூடவே தூக்கிட்டு வர்ற யோசனைதான் ஆளைத் தின்னுடும். பட்டறையோ, தையக்கடையோ, சைக்கிள் கடையோ, "நான் சொல்றபடி செய்யுங்க, நல்லா வரும்"னு தெனமும் ஒருத்தர் வந்து பக்கத்துல நிக்கிற தொழில் செய்யற அத்தனை பேருக்கும் இதைச் சொல்றேன். உங்களுக்குத்தான் என் வலி புரியும்.

எண்பதுகள்ல தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எனக்கு ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், மாதப்பன்னு ஒரு ஃபிட்டர். மாதப்பன் என்னைவிட வயசுல மூத்தவரு. ஆனாலும் என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. முதலாளின்னு கூப்பிட்டா அவருக்குச் சிரிப்பு வந்துருமாம்.

வாய்க்கா தாண்டின தண்ணி

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துல இருந்து சின்னப்பன்னு ஒரு விவசாயி, ஆயில் எஞ்சின்ல பெல்டு மாட்டற சக்கரம், அந்தப் புல்லியைத் துண்டுல கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ல வந்தாரு. கெணத்துல தண்ணி கெடக்குது, பம்பு இழுக்க மாட்டேங்குதுன்னாரு. எஞ்சின் பக்கம் புல்லி பெருசா இருந்தா பம்பு வேகமாச் சுத்தும். சின்னதா இருந்தா மெதுவாச் சுத்தும். புல்லி சாஸ்திரமே இவ்வளவுதாங்க. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, என் மானம் இதுலதான் போகப்போவுது.

லேத்துல வெச்சுப் பெருசா ஒண்ணு கடைஞ்சு குடுத்தேன். அடுத்த வாரமே திரும்ப வந்து நின்னாரு. கையில இரும்பு இல்ல, உடம்புல சலவைச் சட்டை. பம்பு ஒடஞ்சுபோச்சு, சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நெனச்சு நான் மாதப்பனைப் பக்கத்துல கூப்பிட்டு நிறுத்திக்கிட்டேன். அவரு தொண்டையைச் செருமிக்கிட்டுச் சொன்னாரு: "தண்ணி வாய்க்கா தாண்டிப் போவுதுங்க. எங்க வூட்டுல ஒரு பொண்ணு இருக்குதுங்க."

சோப்பு

பொண்ணு பாக்கப் போனோம். பொண்ணு பேரு குமுதா. நிமிந்து ஒரு தடவை பாத்துச்சு, அவ்வளவுதான், எனக்கு வேற எந்தப் பொண்ணும் வேண்டாம்னு ஆயிருச்சு. ஆனா குமுதாவோட அம்மாவுக்கு அரூர் தாலுக்கா ஆபீஸ்ல வேலை பாக்கற ஒரு கிளார்க்கு மேலதான் கண்ணு. வெள்ளைச் சட்டை, பேனா, ஃபேனுக்கு அடியில உக்காந்து வேலை. நான் லேத்துக்காரன், என் பக்கத்துல வந்தாலே கட்டிங் ஆயில் வாசம் வரும்.

அதனால அன்னைக்குக் காலையில மண்ணெண்ணெய், சீயக்காய், சோப்புன்னு வரிசையாப் போட்டுக் கை ரெண்டையும் தேய்ச்சிருந்தேன். காப்பி டம்ளரை வாங்க நீட்டினப்போ அந்தம்மா என் நகத்தைப் பாத்துட்டு, "மொதல்ல மாப்பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணி குடுங்க"ன்னாங்க. கழுவிட்டுத்தான் வந்தேங்கன்னு நான் மெதுவாச் சொன்னேன். அந்தம்மா இன்னொரு தடவை நல்லாக் குனிஞ்சு பாத்துட்டுக் கேட்டாங்க: "கழுவினதுக்கு அப்புறமே இப்படிங்களா?"

பொகையில ஓடற சக்கரம்

அந்தச் சமயத்துலதான் கபூர் பாய் வண்டி பட்டறைக்கு வந்துச்சு. பாய் தருமபுரியில புளி மண்டி வெச்சிருந்தவரு, தங்கமான மனுசன். அவரோட மச்சான் வளைகுடாவுல இருந்து கப்பல்ல கொண்டாந்து இவருக்குக் குடுத்த ஃபாரின் காரு. ஏசி உண்டு. டிக்கி மேல வெள்ளி எழுத்துல 'டர்போ'ன்னு இங்கிலீஷ்ல இருக்கும். அந்த எழுத்தை மட்டும் பாய் தன் கைக்குட்டையாலதான் தொடைப்பாரு.

வண்டியை வேடிக்கை பாக்க வந்த கூட்டத்துக்கு டர்போன்னா என்னன்னு நான் வெளக்கினேன். எஞ்சின்ல இருந்து வெளிய போற பொகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்தும், அது காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும், அதனால எஞ்சினுக்குப் பலம் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தின்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. மாதப்பன் மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சுட்டுக் கேட்டாரு: "பொகையிலதான் பலம்னா, பாப்பாரப்பட்டி டவுன் பஸ்ஸு இந்நேரம் பறந்திருக்கணுமே அண்ணே?"

தக்காளி லாரி

கல்யாணப் பேச்சு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. ஒருநாள் சின்னப்பன் மாமா பட்டறைக்கு வந்தவரு, உள்ள நின்ன பாய் வண்டியைப் பாத்துட்டாரு. ஊருக்குப் போய், "மாப்பிள்ளை சாதாரண ஆளில்ல, கார் எஞ்சினியரு. மாப்பிள்ளை அழைப்புக்கு ஃபாரின் கார்லதான் வருவாரு, பாருங்க"ன்னு வூட்டுலயும் சொல்லி, டீக்கடையிலயும் சொல்லி வெச்சுட்டாரு. குமுதாவோட அம்மாவும், "அதையும்தான் பாப்போம்"னு ஒத்துக்கிட்டாங்க. ஆகக்கூடி காரு வரலன்னா என் மானமும் போச்சு, மாமா மானமும் போச்சு. மாமியார் வாயில காலம் பூரா நாங்க ரெண்டு பேரும் அரைபடணும்.

பாய்கிட்டப் போய் நின்னேன். "எடுத்துக்குங்க தம்பி, நானே ஓட்டிட்டு வர்றேன். ஆனா எனக்கு ஒரு வேலை ஆவணும்"னாரு. தொப்பூர் கணவாய் ஏத்தத்துல ஒரு தக்காளி லாரி அவரை முந்திட்டுப் போயிருக்குது. டர்போ வண்டியைத் தக்காளி முந்தறதான்னு மனுசனுக்குச் சோறு எறங்கல. பெங்களூர்ல டயர் கடையில ஒருத்தர் சொன்னாராம்: எஞ்சின் புல்லியைச் சின்னதாப் போட்டா எஞ்சினைக் குளுத்தற ஃபேனு, தண்ணி பம்பு, டைனமோ, ஏசி எல்லாம் மெதுவாச் சுத்தும், அதுங்க தின்ற பலம் சக்கரத்துக்கு வந்துரும்னு.

நான் வேண்டாம்னேன். ஏற்கெனவே டர்போ, ஏற்கெனவே சூடு, இதுல ஃபேனையும் தண்ணியையும் மெதுவாக்கினா எஞ்சின் தாங்காது பாய், லாரி முந்தினது புல்லியால இல்ல, நீங்க டாப் கியர்லயே ஏத்தினதாலன்னேன். பக்கத்து டீக்கடையில இருந்து இதைக் கேட்டுக்கிட்டிருந்த ஆறேழு பேரும் பம்புசெட் வெச்சிருக்கறவங்க. எல்லாருக்கும் புல்லியில ஆளுக்கொரு அபிப்பிராயம். பாதிப் பேரு போடுன்னாங்க, பாதிப் பேரு பெல்டு வழுக்காம இருக்கக் குங்கிலியம் தடவுன்னாங்க. பாய் என் தோள்ல கை போட்டுத் தனியா இழுத்துட்டுப் போனாரு: "கொட்டை எடுத்த புளி கணக்கா வண்டி லேசாயிரும் தம்பி. நீங்க புல்லியைக் கடையுங்க, நான் மாப்பிள்ளையைக் கொண்டு போய்ச் சேக்கறேன்."

தொப்பூர் ஏத்தம்

அலுமினியத்துல கடைஞ்சேன். சொல்லக்கூடாது, வேலை அவ்வளவு சுத்தமா வந்துச்சு. சின்னப் புல்லிக்குத் தோதா நீளம் கொறஞ்ச பெல்டா ஒண்ணு தேடிப் புடிச்சு மாட்டிட்டு, நானும் பாயும் மாதப்பனும் தொப்பூர் கணவாய்க்குப் போனோம். பாய் செருப்பைக் கழட்டிட்டு, பிஸ்மி சொல்லி, ஒரு அழுத்து அழுத்தினாரு. வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு. லாரி, பஸ்ஸு, ஒண்ணு விடல. சூடும் ஏறல, ஏசியும் ஜில்லுன்னு வந்துச்சு. புல்லியாலயா, நான் பக்கத்துல உக்காந்து கியரு மாத்தச் சொல்லிக் கத்தினதாலயான்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

மேல போய் வண்டியை நிறுத்தினதும் பாய் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. நான்கூட, நாமதான் வீணாப் பயந்துட்டோமோன்னு நெனச்சேன். பின்னாடி சீட்ல இருந்த மாதப்பனைப் பாத்து வண்டி எப்படின்னு கேட்டோம். "எனக்கெப்படிங்க தெரியும்? நான் தருமபுரியில மூடின கண்ணை இன்னும் தொறக்கல."

ஆரத்தி

மாப்பிள்ளை அழைப்பு. பாப்பிரெட்டிப்பட்டி கோயில்ல இருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். காரு பூரா பூ, மாமா ஏற்பாட்டுல வண்டியைச் சுத்தி கார் பேட்டரியில எரியற சீரியல் பல்பு. என் மூஞ்சிப் பவுடரு கரையக்கூடாதுன்னு பாய் கண்ணாடியை ஏத்தி விட்டு ஏசியைப் போட்டாரு. முன்னாடி மேளம். மேளக்காரரு நாலு எட்டு வெச்சா நிப்பாரு, ஒரு வாசிப்பு வாசிப்பாரு, திரும்ப நாலு எட்டு.

அப்பத்தாங்க எனக்கு ஒறைச்சுச்சு. தொப்பூர்ல எஞ்சின் பறக்குது, அதனால சின்னப் புல்லியும் ஃபேனைச் சுத்துச்சு, எதிர்க்காத்தும் அடிச்சுச்சு. இங்க எஞ்சினு முணுமுணுன்னு ஓடுது, காத்து இல்ல, ஃபேனு இறக்கையை எண்ணலாம். ஏத்தத்தைப் பத்தி யோசிச்ச நாங்க ஒருத்தராச்சும் ஊர்வலத்தைப் பத்தி யோசிச்சோமா? சூட்டு முள்ளு மேல ஏற ஏற, நான் ஃபோட்டோக்காரருக்குச் சிரிச்சுக்கிட்டே, "பாய், ஏசியை அணைங்க"ன்னு பல்லு அசையாமச் சொன்னேன். அவரு அணைக்கறதுக்குள்ள ஏசியில அனல் காத்து வந்துச்சு. டைனமோவும் மெதுவாச் சுத்தினதுல பேட்டரி எறங்கி, சீரியல் பல்பு மங்கி மங்கி அணைஞ்சுச்சு. மண்டபம் கண்ணுக்குத் தெரியற எடத்துல வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்னுச்சு, பானெட்டுல இருந்து புஸ்ஸுன்னு ஆவி கெளம்புச்சு. மேளக்காரரு மேளத்தோட ஓடிட்டாரு.

நான் குதிச்சு எறங்கி, பட்டு அங்கவஸ்திரத்தை மடிச்சு ரேடியேட்டர் மூடியைப் பையப் பையத் தொறந்து, "தண்ணி! தண்ணி!"ன்னு கத்தினேன். மாதப்பன் சுத்திப் பாத்தாரு. மண்டபத்து வாசல்ல இருந்து பதறி ஓடி வந்த மாமியார் கையில தட்டு, தட்டுல தண்ணி. வெடுக்குனு புடுங்கி உள்ள ஊத்திட்டாரு. அது அப்படியே கொதிச்சு, செவப்புச் செவப்பா வெளிய பொங்கி ரோட்டுல ஓடுச்சு. "ஐயோ, வண்டிக்கு ரத்தம் வருது!"ன்னு கூட்டம் சிதறுச்சு. மாமியார் மட்டும் எடத்தை விட்டு அசையல: "அது மாப்பிள்ளைக்குச் சுத்தற ஆரத்திடா, பாவி!"

தள்ளு

அந்த நிமிசம் எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. மாமா தலையில கை வெச்சு ரோட்டோரம் உக்காந்துட்டாரு. கிளார்க்குக்கே குடுத்திருக்கலாம்னு எவரோ சொன்னது காதுல விழுந்துச்சு. சரி, வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு மாலையோட நடந்து போனா இன்னும் கேவலம்னு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பின்னாடி போய் டிக்கியில கை வெச்சேன். மாதப்பனும் வந்தாரு, பங்காளிங்களும் வந்தாங்க. பாய் உள்ள இருந்து ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, "தள்ளு, தள்ளு"ன்னாரு. அதைக் கேட்டு மேளக்காரரு திரும்ப வந்து, தள்ளுறதுக்குத் தோதா வேகமா வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு.

மண்டபத்து வாசலுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்னேன். மூஞ்சியில கரி, மாலையில பாதி உதிரி. மாமியார் வேற ஆரத்தி கரைச்சுக் கொண்டாந்து, மூணு சுத்துச் சுத்தி, பொட்டு வெக்க எடம் தேடினாங்க. அப்புறம் பக்கத்துல இருந்த தங்கச்சிகிட்டத் திரும்பி, எல்லாருக்கும் கேக்கற மாதிரியே சொன்னாங்க: "அந்தக் கிளார்க்கா இருந்தா, வேட்டி அழுக்காயிரும்னு உள்ளாறயே உக்காந்திருப்பாரு."

பாய் தீர்ப்பு

அடுத்த வாரம் பழைய புல்லியையே திரும்ப மாட்டினேன். பாய் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, நான் கடைஞ்சதைக் கையில வெச்சு உருட்டி உருட்டிப் பாத்தாரு. இப்பவாச்சும் ஒத்துக்கறீங்களா பாய்னு கேட்டேன். மனுசனுக்கு மனசே வரல: "புல்லி மேல தப்பில்ல தம்பி. உங்க மேளக்காரரு கொஞ்சம் ஓடியிருக்கலாம்."

சாப்பாட்டுக்கு அப்புறம்

கொஞ்சம் பின்னால போய், தாலி கட்டின அன்னைக்கு மத்தியானத்துக்கு வர்றேன். அது வரைக்கும் குமுதா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மாமியார் மன்னிச்சாச்சு, ஊரு சிரிச்சு முடிச்சாச்சு, ஆனா இந்தப் பொண்ணு என்ன நெனச்சிருக்குமோன்னு எனக்கு எலையில வெச்ச எதுவும் எறங்கல. பந்தி முடிஞ்சு ரெண்டு பேரையும் தனியா உக்கார வெச்சாங்க. ஜன்னல் வழியா, பூவெல்லாம் வாடி, பானெட்டைத் தொறந்து வெச்சு நிக்கிற வண்டி தெரிஞ்சுச்சு. குமுதா அதையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அந்தக் காரு நம்மளுதுங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. பொய் சொல்லவும் வாய் வரல. இல்லம்மா, பாயோடது, எனக்குச் சொந்தமா ஒரு சைக்கிள்தான் இருக்குதுன்னேன். குமுதா நெஞ்சுல கை வெச்சு மூச்சு விட்டுச்சு: "அப்பாடா!"

இன்னைக்கும் யாராச்சும் வந்து டர்போ வண்டிக்குச் சின்னப் புல்லி போடலாமான்னு கேட்டா, நான் திருப்பிக் கேக்கற ஒரே கேள்வி, உங்க வூட்டுல கிட்டத்துல கல்யாணம் ஏதாச்சும் இருக்குதுங்களாங்கறதுதான்.