மூன்றாவது கூப்பாடு

எனக்கு எட்டு வயதிருக்கும்போது பெரியப்பா ஒரு வழக்கு நடத்தினார். எங்கள் ஊரான பிரம்மதேசத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த எங்கள் கொல்லை வழியாகப் பக்கத்துக் கொல்லைக்காரரின் கரும்பு வண்டி போகக் கூடாது என்பதுதான் வழக்கு. அந்தக் கரும்புக் கொல்லைக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வழக்குப் போட்ட பிறகும் அதை மாற்றும்படி யாரும் சொல்லவில்லை.

திண்டிவனத்துக்குக் காலையில் ஒரே பஸ். ஆகவே வாதியும் பிரதிவாதியும் ஒன்றாகத்தான் கோர்ட்டுக்குப் போவார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள். அன்று பள்ளி விடுமுறை என்று நானும் கூடப் போனதால் பேச்செல்லாம் என் வழியாக நடந்தது.

"பாப்பா, சாரல் அடிக்குது. ஜன்னல எறக்கச் சொல்லு உங்க பெரியப்பன."

"சாரல் ஆவலன்னா கார் வச்சிக்கினு வரச் சொல்லு அந்தாள."

"கார் போறதுக்காவது வழி உடுவாரான்னு கேளு!"

பஸ்ஸே சிரித்தது. பெரியப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மாமாவின் வக்கீல் அன்று வேறொரு வழக்குக்காக விழுப்புரம் போயிருந்தார். வக்கீல் இல்லையென்றால் வாய்தா தானாக வந்துவிடும் என்று நம்பி, மாமா கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

முன்சீப் கோர்ட்டு அப்படி நடக்கவில்லை. டவாலி வாசலில் நின்று பெயரைக் கூவுவார். ஆள் இல்லையென்றால் வழக்குக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, வேறு வழக்குகளைப் பார்த்த பின் மறுபடி கூவுவார். மூன்றாவது கூப்பாட்டுக்கும் வராவிட்டால், வந்திருப்பவர் பக்கம் தீர்ப்பு.

முதல் கூப்பாட்டுக்கு மாமா இல்லை. எங்கள் வக்கீல் பெரியப்பாவின் அருகில் குனிந்தார். "இன்னும் ரெண்டு தடவைதான். வரலன்னா பாதை நம்மளுது. வெட்டுன கரும்ப அவரு தலையிலதான் தூக்கிக்கினு போவணும்" என்று சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. கரும்பு வெட்டுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

இரண்டாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லை. பெரியப்பா என் தோளைத் தொட்டார்.

"பாப்பா, நெஞ்சு வறளுது. எதிர்க்கடையில ஒரு சோடா வாங்கிக்கினு வா. ஜல்தி."

ஓடினேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க பேரக் கூப்புட்டுக்கினே இருக்காங்க! இன்னும் ஒரு தடவைதானாம்!"

"ஐயோ, பேஜாராப் போச்சே!" என்று பன்னை என் கையில் திணித்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டியபடியே ஓடினார். மூன்றாவது கூப்பாட்டுக்கு அவர் "வந்துட்டேன் சாமி!" என்று போட்ட சத்தத்தில் நீதிபதியே நிமிர்ந்து பார்த்தார். வாய்தா கிடைத்தது.

எங்கள் வக்கீலின் முகம் சுருங்கிவிட்டது. "யாருங்க போய்ச் சொன்னது?"

பெரியப்பா என் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தார். "இந்தப் பொண்ணுதாங்க. சோடா வாங்க அனுப்பிச்சா கேஸயே வித்துட்டு வந்து நிக்குது."

பஸ்ஸிலும் வீட்டிலும் ஊரிலும் அவர் இதையேதான் சொன்னார். அந்த வருஷம் கரும்பு எங்கள் கொல்லை வழியாகவே போனது. அதற்குக் காரணமான குற்றவாளி நான்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று என்னை உறுத்தியவை இரண்டு. ஒன்று, மாமாவின் பன்னைத் திருப்பிக் கொடுக்காமல் தின்றுவிட்டேன். இரண்டு, சோடாவை வாங்கவே மறந்துவிட்டேன். அது எங்கே என்று பெரியப்பா ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.