பதினாலாவது கணு

பாகூர்ப் பக்கத்தில் கலியம்மாளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பாள். பல்லி விழுந்தால் அவள் போடுகிற சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும். பாண்டி ஜவுளிக்கடையில் லிஃப்ட் கதவு திறந்தால், "நீங்க போங்கடி, நான் படியில வரேன்" என்று நகர்ந்துவிடுவாள். வயசு ஐம்பத்து நாலு. அப்படிப்பட்டவளை யானை உலவுகிற காட்டுக்கு இழுத்துப் போனார்கள் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

இழுத்துப் போனவள் அவளுடைய ஓரகத்தி அமுதம். அமுதத்தின் மகன் நவீன்குமார் மலையடிவாரத்தில் ஒரு காட்டு லாட்ஜில் சமையல் வேலை பார்க்கிறான். மழை மாதத்தில் ரூமெல்லாம் காலி, பாதி ரேட்டுக்கு வாங்க என்று அவன் கூப்பிட்டதும், கலியம்மாளின் நடவுக் கூட்டம் மொத்தமும் வேன் ஏறிவிட்டது. பதினாலு பெண்கள்.

நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள் கலியம்மாள்தான். வேலை முடிந்து வண்டி கிளம்புமுன் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். முதல் கணு அவளுக்கு. நாலு விரலுக்கு மும்மூன்று, கட்டை விரலுக்கு இரண்டு. ஒரு கை நிறைந்தால் எல்லாரும் ஏறியாயிற்று. கட்டை விரல் நுனி அமுதத்துக்கு. அவள்தான் எங்கேயும் கடைசியாக ஆடி அசைந்து வருகிறவள்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில், நடவுக்கு நடுவே இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு விழுந்தடித்து வண்டியில் ஏறினார்கள். "எல்லாம் ஏறியாச்சு, எடுப்பா" என்று டிரைவரிடம் சொன்னவள் கலியம்மாள். ஊருக்கு வந்த பிறகுதான் கூட நடவுக்கு வந்த வெண்ணிலா இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் போனபோது வரப்போரப் பனைமரத்தடியில் இடி விழுந்து செத்துக் கிடந்தாள். இருபத்தாறு வயசுப் பெண். யாரும் கலியம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல்லியும் லிஃப்டும் சிலிண்டரும் அதற்குப் பிறகு வந்த பயங்கள்தான்.

எண்ணி எண்ணி அவமானமும் பட்டிருக்கிறாள். திருவண்ணாமலைக்குப் போனபோது ஓர் ஆள் குறைகிறது என்று பஸ்ஸை நிறுத்தி, அழுது, ஊரைக் கூட்டினாள். காணாமற்போனவள் கடைசி சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அன்று முதல் அமுதத்தின் வாயில் அவள் அரைபடாத நாளில்லை.

காலை ஆறரைக்கு இரண்டு ஜீப்பில் கிளம்பினார்கள். மூங்கில் புதர் அசைந்தாலே கலியம்மாள் பக்கத்திலிருந்தவள் மேல் சாய்ந்துகொண்டாள். ஒரு குட்டைக்குப் பக்கத்தில், காவல் கோபுரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். பின்னால் தகரம் அடித்த கழிப்பிடம் ஒன்று இருந்தது. பெண்கள் இறங்கிக் கைகாலை நீட்டிக்கொண்டிருக்கும்போதே கைடு தணிகைவேல் ஓடிவந்தார்.

"யானை வருது, குட்டியோட. சத்தம் போடாம ஏறுங்கம்மா, சீக்கிரம்!"

அவ்வளவுதான். யார் எந்த வண்டி என்று பார்க்காமல் ஏறினார்கள். கலியம்மாளும் ஏறினாள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, உயிர்ப்பயத்தில் அவள் எண்ணவில்லை.

அரை மைல் தாண்டி மூச்சு வந்த பிறகுதான் கை தானாகக் கணுவுக்குப் போனது. இந்த வண்டியில் எட்டு. வளைவில் முன்வண்டி முழுசாகத் தெரிந்தது. அதில் ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்துதான். கட்டை விரல் நுனி வெறுமனே நின்றது.

"அமுதம் எங்கடி?"

"முன்னாடி வண்டியில இருக்கும்" என்றாள் பக்கத்திலிருந்த சரண்யா.

"இல்லடி, எண்ணிட்டேன்."

"உன்ன எண்ணினியா பெரியம்மா?"

"என்னத்தான்டி மொதல்ல எண்ணினேன்!"

வண்டியே சிரித்தது. தணிகைவேல் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப திரும்ப முடியாதும்மா. லாட்ஜுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார்.

ஒருவேளை நான்தான் தப்பாக எண்ணினேனோ? திருவண்ணாமலை மாதிரி ஆகிவிட்டால்? கலியம்மாள் கணுக்களை மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஜீப் ஒரு பள்ளத்தில் மெதுவாக இறங்கியது. பின்கதவைத் திறந்து, அந்தக் காட்டுப் பாதையில் காலை வைத்துவிட்டாள்.

"ஐயோ, இன்னா பெரியம்மா பண்ற!"

"நீங்க போங்க. நான் நடந்தே போறேன்" என்றாள். பல் தந்தியடித்தது. ஆனாலும் வந்த பக்கமாக நடந்தாள். டிரைவர் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பி அவளை ஏற்றிக்கொண்டார். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

கோபுரத்தடியில் மூன்று யானைகள். நடுவில் குட்டி. கழிப்பிடத்தின் தகரத்துக்குப் பின்னால் அமுதத்தின் மஞ்சள் புடவை தெரிந்தது. பெரிய யானைக்கும் அவளுக்கும் பத்தடிகூட இருக்காது. யானை துதிக்கையால் தகரத்தைத் தடவியது. தகரம் கிரீச்சிட்டது. டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். கலியம்மாள் கட்டை விரல் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விட்டால் அமுதம் போய்விடுவாள் என்று பட்டது.

எவ்வளவு நேரமோ தெரியாது. குட்டி சலித்துப்போய் மூங்கில் பக்கம் நடந்தது. பெரியவை அதன் பின்னால் போயின. தணிகைவேல் ஓடிப்போய் அமுதத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"நீ கத்தாம நின்ன பாரு, அதான் பொழச்ச" என்றாள் சரண்யா.

அமுதம் கலியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குக் கத்தணும்? எங்க அக்கா எண்ணும். எண்ணிட்டு வண்டியத் திருப்பிக்கினு வரும். அத நெனச்சிக்கினேதான் நின்னேன்."

பன்னிரண்டு வருஷமாகக் கலியம்மாளுக்குத் தோன்றாதது அப்போது தோன்றியது. அந்த மழையில், அந்தப் பனைமரத்தடியில், வெண்ணிலாவும் அக்கா வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டுதானே நின்றிருப்பாள்?

"இன்னாக்கா, ஏறலாமா?" என்றாள் அமுதம்.

"ஏறுடி" என்றாள் கலியம்மாள். அமுதம் ஏறி உட்கார்ந்த பிறகு, முதல் கணுவிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.