சந்தனம் பூசிய சென்சார்

கதவில் பூவும் மயிலும் வெட்டுகிற வேலையில், மெஷினை விட அதன் பக்கத்தில் நிற்கும் கன்ட்ரோலர் பெட்டிதான் ஆளைக் கொல்லும். நீங்களும் இப்படி ஒரு பெட்டியிடம் மாட்டிக்கொண்டவர் என்றால் என் வயிற்றெரிச்சல் புரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தூத்துக்குடியில், எட்டயபுரம் ரோட்டு மரப்பட்டறையில் மூன்று வருஷமாகப் பயந்து பயந்துதான் இதை ஓட்டுகிறேன்.

கழுத்து விலகிய மயில்

பெட்டிக்குள் ஒரு போர்டு, மூன்று டிரைவ். போர்டு கட்டளை கொடுக்கும். ஒவ்வொரு டிரைவும் தன் மோட்டாரைத் திருப்பும். ஒன்று இடம் வலம், ஒன்று முன் பின், ஒன்று மேல் கீழ். சொன்ன தூரம் போனாயா என்று மோட்டாரைத் திருப்பிக் கேட்கும் வசதி எங்கள் மெஷினில் கிடையாது.

பெட்டி சூடாகிறதே என்று கதவைத் திறந்துபோட்டு டேபிள் ஃபேன் வைத்தேன். உப்புக்காற்று உள்ளே போய் ஒரு டிரைவின் ஒயர் முனையில் பச்சை பூத்துவிட்டது. கட்டளை பாதி போய்ச் சேரவில்லை. புது வீட்டுக்குக் கதவு செய்யச் சொல்லியிருந்த ஏரல் ஊர் அக்காவின் தேக்குக் கதவில் மயிலின் கழுத்து இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது.

கோயம்புத்தூர் இன்ஜினியர் வந்துதான் சரியானது. "இன்னொரு தடவ அவரு வரும்படி ஆச்சுன்னா, ஒன் எடத்துல டிப்ளமோ படிச்ச ஆளப் போட்டுருவேன்" என்று அக்கா முன்னாலேயே சொன்னார் முதலாளி அண்ணாச்சி. அக்கா கதவைத் தடவிப் பார்த்தார். "ஏளா, தல ஏரலுக்கு வருது, ஒடம்பு ஸ்ரீவைகுண்டத்துக்குல்லா போவுது!"

கண்ணுக்குப் பொட்டு

புதுப் பலகை வந்தது. வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் பால்காய்ப்பு. அதற்கு முன்னால் ஆயுத பூஜை. இனி ஒன்றும் கெடக்கூடாது என்று பெட்டி, மோட்டார், மெஷின் ஓடும் தண்டவாளம், ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் மெஷின் அசையவே இல்லை.

இன்ஜினியருக்குப் போன் போட்டு, அண்ணாச்சி காதில் விழாமல், திரையில் இருந்த இங்கிலீஷை எழுத்தெழுத்தாகப் படித்தேன். தண்டவாள முனையில் கவட்டை மாதிரி ஒரு சென்சார் உண்டு, அதைப் பார்க்கச் சொன்னார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஒளி போகும். அது மறைந்தால் எல்லை வந்துவிட்டதென்று மெஷின் நின்றுவிடும். அந்த இடுக்கில் என் சந்தனம் காய்ந்து கிடந்தது. துடைத்ததும் ஓடியது. அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்கக்கா, நெத்திக்கு வெக்கற பொட்டக் கண்ணுக்குள்ளயா வெப்பீங்க?"

சிவப்பு பட்டன்

வியாழன் மதியம். மயிலுக்குத் தோகை மட்டும் பாக்கி. அதற்கு மரத்தை வெட்டுகிற சின்ன பிட் மாட்ட மெஷினை நிறுத்தியிருந்தேன். அக்காவைக் கூட்டிவந்து அண்ணாச்சி பெருமை பேசிக்கொண்டிருந்தார். பிட்டை மாட்டிவிட்டு ஓட்டினால், ஓடவில்லை.

திரையில் இங்கிலீஷ் மின்னியது. எழுத்துக் கூட்டும் நிதானம் எனக்கு இல்லை. பவர் சப்ளையில் விளக்கு எரிகிறது. ஒயர் முனைகள் பளிச்சென்று இருக்கின்றன. சென்சார் சுத்தம். "இன்ஜினியரத்தான் கூப்பிடணும்" என்று அண்ணாச்சி போனை எடுத்தார். என் வேலை அந்தப் போனில் இருந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆபத்து என்றால் அமுக்குகிற சிவப்பு பட்டன் உள்ளே போயிருந்தது. "எப்படி நம்ம மெஷினு!" என்று சற்றுமுன் அண்ணாச்சி பெட்டியைத் தட்டிக்கொடுத்தது அந்தப் பட்டன் தலையில்தான். அக்கா பார்த்துக்கொண்டிருக்க, பட்டனைத் திருகினேன். படக்கென்று வெளியே வந்தது. தோகை விழ ஆரம்பித்ததும் அக்கா அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "அந்த டிப்ளமோ ஆள வையுங்க அண்ணாச்சி, பெட்டிக்கு இல்ல, ஒங்க கையப் பிடிச்சுக்கிட!"

உப்புக்காற்றுக்குப் பெட்டிக் கதவைச் சாத்திவிட்டேன், சந்தனத்தைச் சுவரோடு நிறுத்திவிட்டேன், இனி என் கவலையெல்லாம் அண்ணாச்சி மெஷினைப் பற்றிப் பெருமைப்படாமல் இருக்க வேண்டுமே என்பதுதான்.