சித்தப்பா வாங்கிய மூன்று ஊசிகள்

என் சித்தப்பா பொய் சொல்வார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊரில் ஒருவர் நன்றாகப் பாடுவார், ஒருவர் நன்றாகத் தென்னை ஏறுவார் என்பதைப் போல, சித்தப்பா நன்றாகப் பொய் சொல்வார். கல்யாணத்துக்கு முன்னால் குலசேகரத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாலு வருஷம் எழுத்துவேலை பார்த்தவர். ரப்பர் மரத்தில் ஒரு வருஷம் பாலெடுக்காமல் விட்டுவைத்தால் கிளையில் செருப்பு காய்க்கும், இடது கால் செருப்பு ஒரு மரத்தில், வலது கால் செருப்பு இன்னொரு மரத்தில் என்று அவர் சொன்னதை இரண்டாம் வகுப்பு முடியும்வரை நான் நம்பினேன். திற்பரப்பு அருவியில் ஒரு கரடி தினமும் வந்து குளித்துவிட்டு, தலை துவட்டத் துண்டில்லாமல் பாறைமேல் உட்கார்ந்து வெயில் காயும் என்பதை ஊரில் பெரியவர்கள்கூட உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் நம்பியதில்லை. ஒருவரும் பாதியில் எழுந்து போனதுமில்லை.

எனக்கு எட்டு வயதானபோது, பழையாற்றுக்கு அக்கரையில் இருந்த ஊரில் வாந்திபேதி வந்தது. முதலில் ஒரு வீட்டில், பிறகு அதே தெருவில் மூன்று வீடுகளில். எங்கள் ஊரில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். "அக்கரையில அது வந்திருக்காம்" என்பார்கள். நான் நெடுநாள் அது ஏதோ ஒரு மிருகம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டொரு நாளில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சைக்கிளின் பின்னால் ஒரு தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். வடக்கே எங்கோ மலையாளக் கரைக்காரர். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற பேச்சு ஊரெங்கும் சூடாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் மலையாளம் நன்றாகப் புரியும். ஆனாலும் சர்க்கார் ஆள் மலையாளத்தில் பேசினால் ஒன்றும் புரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது அந்த நாளில் ஒரு கௌரவம். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று ஊசியைப் பற்றி விளக்கினார். கேட்டவர்கள் அவரை ஏதோ பறவை கூவுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். சாயாக்கடையில் ஒருவர், தமிழ் பேசுகிறவன் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் இந்த ஊசி என்று கண்டுபிடித்துச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் இன்ஸ்பெக்டருக்கு சித்தப்பா கிடைத்தார், மொழிபெயர்ப்பாளராக. வேறு யாரும் முன்வரவில்லை. சித்தப்பாவுக்கும் கதிர் விளையும்வரை வயலில் வேலையில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு வாக்கியம் சொன்னால் சித்தப்பா பத்துச் சொன்னார். "ஒரு குத்து. ரெண்டு திவசம் கொஞ்சம் பனிக்கும், கை வலிக்கும். பேடிக்க வேண்டாம்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னது எனக்கே புரிந்தது. திவசம் என்றால் நாள், பனிக்கும் என்றால் காய்ச்சலடிக்கும், பேடிக்க வேண்டாம் என்றால் பயப்படவேண்டாம். ஆனால் சித்தப்பா அதை மொழிபெயர்த்தபோது காய்ச்சலும் வலியும் காணாமல் போயிருந்தன. "எறும்பு கடிச்சாப்பிலகூட இரிக்காதாம். மலையில பெரிய துரைமாரெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு வாட்டி குத்திக்கிடுவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன்" என்றார். கூட்டம் அந்தக் கரடியை நினைத்துக்கொண்டு கேட்டது. ஒரு கைகூட நீளவில்லை.

ஊசிக்கு எதிரிகளில் முதல் ஆள் என் பெரியம்மாதான். அவள் சத்தம் போடுகிற ஆளில்லை. ஊசி என்றதும் தன் மகளை, என் வயதுக்காரியை, வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். பெரியம்மா கதவைச் சாத்தினாள் என்றால் அந்தத் தெருவில் மற்றக் கதவுகளும் சாத்தப்படும். அவளுக்கு எங்களுக்கெல்லாம் முந்தி ஒரு மகன் இருந்தான். நாலு வயதில், அம்மை குத்திய ஒரு வாரத்தில், காய்ச்சல் வந்து போய்விட்டான். குத்தியதால் வந்த காய்ச்சலா, வேறு காய்ச்சலா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அம்மை குத்தப் போனவர் சித்தப்பா. அழாமலிருக்க வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு போனாராம். இதை அம்மா எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியம்மா சித்தப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள் என்பது மட்டும். ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் சுவரையோ பசுமாட்டையோ பார்த்துச் சொல்வாள். பெரியம்மாக்கள் சித்தப்பாக்களிடம் அப்படித்தான் பேசுவார்கள்போல என்று நான் எண்ணியிருந்தேன். இத்தனைக்கும் சித்தப்பா ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தாத்தா வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து, அவருக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்.

வாய்ப்பேச்சு எடுபடவில்லை என்றதும் சித்தப்பா எங்கள் தெருவின் நடுவில், பிள்ளையார் கோவில் முன்னால், சட்டையைக் கழற்றினார். "முதல்ல எனக்குப் போடும்" என்று இன்ஸ்பெக்டரிடம் கையை நீட்டினார். ஸ்பிரிட் அடுப்பில் கொதித்த ஊசி அவர் கையில் இறங்கியதைப் பார்த்து நான் ஓவென்று அழுதேன். சித்தப்பா குனிந்து என் காதில், "ஏட்டி மக்கா, இது வெறும் தண்ணியாக்கும். ஆருட்டயும் சொல்லிராத, என்ன?" என்றார். நான் அழுகையை நிறுத்தினேன். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் கிடைத்துவிட்டது.

அன்று மத்தியானம் அவர் தேரடித் தெருவில் இன்னொரு ஊசி வாங்கிக்கொண்டார். அங்கே உள்ளவர்கள் எங்கள் தெருவில் நடந்ததை நம்பவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் வாய்க்காலுக்கு அந்தப்புறமிருந்த தெருவில் மூன்றாவது. இன்ஸ்பெக்டர் வேண்டாமென்று தலையாட்டியும் இவர் கேட்கவில்லை. கடைசி இரண்டு தடவையும் கொஞ்சம் கொஞ்சம்தான் ஏற்றினாராம் அந்த மனிதர். அதற்குப் பிறகு சித்தப்பாவை வெளியில் காணோம். குலசேகரம் போயிருக்கிறார் என்று சித்தி சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் வாய்க்கால் படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இருந்தாள், பெரியம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். பேச்சு ஊசியில் வந்து நின்றது. "மூணு குத்து வாங்கியிரிக்காரு. குலசேகரம் நடந்து போற அளவுக்குக் கல்லுமாதிரிதானே இரிக்காரு" என்றாள் ஒருத்தி. "அக்கரையில நேத்து ரெண்டு பேரு போயிட்டாவளாம். பிள்ளையளுக்காவது குத்திரலாமா?" என்றாள் இன்னொருத்தி. பெரியம்மா அலசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஏனென்றால் அத்தனை பேரும் சித்தப்பாவின் வீரத்தைப் பற்றிப் பேசும்போது, வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை மனதில் அடக்கிவைக்க என்னால் முடியவில்லை.

"அது வெறும் தண்ணி. சித்தப்பாவே எங்கிட்ட சொன்னாரு" என்றேன்.

பெரியம்மா துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள். எல்லோரும் என்னை மெச்சுவார்கள் என்று காத்திருந்த எனக்கு, அம்மா என் முதுகை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்ததுதான் மிச்சம்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் இன்ஸ்பெக்டரும் ஸ்பிரிட் அடுப்பும் மட்டும் இருந்தார்கள். உச்சிவெயில்வரை பார்த்துவிட்டு அவர் சித்தப்பா வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே முற்றத்தில். நாளைக் காலை ஒரு மணிநேரம் பார்ப்பேன், பிறகு மருந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டும், இது கேடாவதற்குள் யாருக்காவது உதவட்டும் என்று சித்தியிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. போகிறபோது, "அவர் எவிடெ போயி?" என்று கேட்டார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு, "குலசேகரம்" என்றாள்.

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் சித்தி எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றும் அதிர்ந்து பேசவில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணியை மைனி என்போம், அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ஆரு மைனி சொன்னது, தண்ணியின்னு?"

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனேன். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சித்திக்கும் அவள் பதில் வேண்டியிருக்கவில்லை.

"குலசேகரமும் போவல, ஒரு இடமும் போவல. முந்தாநேத்து ராத்திரியே மேலெல்லாம் கொதிக்கு. இந்தக் கையைத் தூக்க முடியல. கஞ்சி நான் ஊட்டுகேன். எறும்புகூட கடிக்காதுன்னு ஊருக்குச் சொல்லிப்போட்டாராம், அதனால ஆரும் பாக்கப்பிடாதாம். வந்து பாருங்க மைனி. எல்லாரையும் கூப்பிடுங்க. தண்ணி குத்தினா கை இப்பிடி வீங்குமா?"

அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா படுத்திருந்த அறையில் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். சித்தி அதை உருவினாள். இடது தோளிலிருந்து முழங்கைவரை சிவந்து, பழுத்த பூசணிக்காய்போல வீங்கியிருந்தது கை. ஒருத்தி தொட்டுப் பார்த்து, "அம்மாடி, சுடுகு" என்றாள். வரிசையாக எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். சித்தப்பா ஒவ்வொரு கைக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, திருவிழாவில் யானை நிற்பதுபோலக் கிடந்தார்.

கடைசியாகப் பெரியம்மா வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சித்தப்பா எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்தார்.

பெரியம்மா சுவரைப் பார்க்கவில்லை. "காய்ச்ச எப்ப வந்திச்சு?" என்று அவரையே கேட்டாள்.

"முந்தாநேத்து விளக்குவைக்க நேரம், மைனி."

"இப்ப?"

"கொஞ்சம் தாழ்ந்திருக்கு. மூணு குத்துல்லா. ஒரு குத்துன்னா ரெண்டு நாளில விட்டிருமாம்."

"காய்ச்ச வரும்னு அந்த மனுஷன் முதல்லயே சொன்னாரா?"

சித்தப்பா போர்வையை மடியில் இழுத்துக்கொண்டார். "சொன்னாரு. நாந்தான் மறைச்சேன். சொன்னா நீங்க விடமாட்டியன்னு."

"சவத்துப் பய" என்றாள் பெரியம்மா. குனிந்து அந்தக் கையைத் தொட்டாள். மற்றவர்களைப்போல விரல்நுனியால் அல்ல, உள்ளங்கை முழுவதையும் வைத்து, வெகுநேரம். பிறகு எழுந்து, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சித்தியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஊசி போட்டால் ஒன்றும் செய்யாது என்று சொன்னபோது ஒருவரும் வரவில்லை. ஊசி போட்டு ஒரு மனிதர் எழ முடியாமல் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து பிள்ளையார் கோவில்வரை ஊரே வரிசையில் நின்றது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை காய்ச்சல், வலி எல்லாவற்றையும் அவரே சொன்னார். மலையாளம் அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

அந்த மாதம் எங்கள் ஊரிலும் இரண்டு பேர் வாந்திபேதியில் படுத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஊசியாலா, கிணறுகளில் போட்ட வெள்ளைப் பொடியாலா, கதவைச் சாத்திக்கொள்ளாமல் முறைவைத்துக் கஞ்சித்தண்ணீர் கொண்டுபோன பெண்களாலா என்று என்னால் சொல்ல முடியாது. நான் வைத்தியம் படித்தவளில்லை.

ஆனால் அந்த வரிசை என் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு முன்னால் பெரியம்மா மகளோடு நின்றாள். சித்தப்பா ஒரு துண்டில் கையைத் தூளிபோலக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, காய்ச்சல் முழுதாக விடாத முகத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா முதலில் தன் கையை நீட்டினாள். ஊசி இறங்கியபோது முகம் மாறவில்லை. பிறகு மகளை முன்னால் விட்டாள். இன்ஸ்பெக்டர் ஊசியை எடுத்ததும், பெரியம்மா சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் நல்ல கையை, மணிக்கட்டில், இறுகப் பிடித்தாள். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா அசையவில்லை. ஒரு கதையும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. கை வலிக்கிறதுபோல என்று நினைத்தேன்.

மகள் அழுது, ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நகர்ந்த பிறகும் பெரியம்மா அந்தப் பிடியை விடவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் சித்தப்பா ஓடிவிடக் கூடாதென்றுதான் பிடித்து வைத்திருக்கிறாள் என்று, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் நான் சொன்னேன்.